வாக்கியத்தின் வாலைப் பிடிக்கிறவர்

சூரியன் மறையக் கற்றுக்கொண்டதே, ஆங்கில வாக்கியத்தின் முடிவில் வைக்கும் முற்றுப்புள்ளியைப் பார்த்துத்தான். கடல் கரையோடு நின்றுகொள்வதும் அப்படியே. இதை நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் பெயிலாவதையே வழக்கமாக வைத்திருக்கும் நான் எப்படிச் சொல்வேன்? புள்ளி அதிகாரிகள் என்றொரு இனம் சொல்கிறது. தெருவுக்கு ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் இருப்பவர் என் சித்தப்பா.

நீங்கள் அழுதுகொண்டே எழுதிய ஆங்கிலக் கடிதத்தை நீட்டிப் பாருங்கள். விஷயத்தைப் படிக்க மாட்டார். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் பிடித்துப் பார்த்தபடி, கேள்விக்குக் கேள்விக்குறி இருக்கிறதா, ஆச்சரியக்குறி ஒன்றோடு நின்றதா, இல்லை மூன்றை நட்டு வேலி போட்டிருக்கிறதா என்று கீழே இறங்கி, சிவப்புப் பேனாவைத் திறப்பார். மூடியை எங்கே வைப்பார்? வாயில்.

மாடி வீட்டு நர்ஸ் அக்கா ஒருநாள் லீவு லெட்டரோடு வந்தார்.

"அப்பாவுக்கு ஆபரேஷன் சார்."

"அதெல்லாம் சரிம்மா, இங்க ஏன் முடிக்கல?"

சித்தி வெளியூர் போய், 'வந்தாச்சு' என்று ஆங்கிலத்தில் மெசேஜ் போட்டாலும் உடனே போன் பறக்கும். "கடைசில புள்ளியே இல்லையே. வந்துட்டியா, இன்னும் வந்துக்கிட்டிருக்கியா?"

அவருடைய அலுவலகக் கடிதங்கள் எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போகும். போன மாதம் மேனேஜர், "இனி கம்ப்யூட்டரே திருத்திக்கும் சார்" என்று அவரைப் பழைய ஃபைல் அறைக்கு மாற்றிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் எதையும் திருத்தவில்லை. எங்கள் குடியிருப்பில், லிஃப்ட் வேலை செய்கிறது என்ற ஆங்கில அறிவிப்பின் புள்ளியைக் கேள்விக்குறியாக்கி வைத்தேன். பார்த்தார். படியேறிப் போனார். நான்கு மாடி.

எனக்கென்ன வந்தது? சீண்ட ஆளில்லாவிட்டால் என் பிழைப்பு படுத்துவிடும், அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதுபோல ஒரு வேலை விண்ணப்பத்தை அச்சடித்து, 'உங்களை விட்டால் திருத்த ஆளில்லை, கீழே தபால் பெட்டியில் வைத்துவிடுங்கள்' என்ற சீட்டோடு வாசல் கதவடியில் தள்ளினேன். இருபது ஆங்கில வாக்கியங்கள். இருபதுக்கும் முடிவு தப்பு.

மூடி வாய்க்குப் போனது.

"என்னங்க, சாப்பிட வரலையா?"

"இரு. ஒருத்தன் வாழ்க்கையே இதுல இருக்கு."

மறுநாள் காலை அந்தத் தாள் தபால் பெட்டிக்குப் போகவில்லை. என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"இந்தா வாலு."

"எனக்கெதுக்கு சித்தப்பா? எனக்குத்தான் எங்க எதை வைக்கணும்னே தெரியாதே."

"தெரியாதவங்க எழுதினா குருட்டாம்போக்குல நாலஞ்சாவது சரியா விழும்டி. இருபதும் தப்பா வைக்கணும்னா, இருபதும் தெரிஞ்சிருக்கணும்." சிவப்புப் பேனாவை என் பக்கம் தள்ளினார். "லிஃப்ட்ல ஒண்ணு பாக்கி இருக்கு. நீயே போய் மாத்து."

போய் மாற்றினேன். மூடியை வைக்க வேறு இடமில்லை.

நீங்கள் சிரிக்க வேண்டாம். இந்தக் கட்டுரையின் தலைப்புக்குப் பின்னால் புள்ளி இல்லை என்பதை அப்போதே பார்த்துவிட்டீர்கள்தானே?