ஏழாவதாக வந்த உடை

சர்ச்சில் நடக்கப்போகும் மகள் கல்யாணத்துக்கான கவுனை ஒரே கடையில், இரண்டே மணி நேரத்தில் எடுத்து முடிப்பது என்று நிமிஷம் சார் தீர்மானம் செய்தார். வீட்டில் அவர் தீர்மானம் செய்வதற்கு எந்தத் தடையும் கிடையாது. நிறைவேற்றுவதில்தான் கொஞ்சம் கட்டுப்பாடு.

பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவர். பெயர் அப்படி வந்தது. எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிஷம் நிற்கலாம் என்று அவர் சொன்னால் முந்நூறு டிரைவர்கள் கேட்பார்கள். வீட்டில் மனைவியும் மகளும்கூடக் கேட்பார்கள். கேட்பதோடு சரி. சோபா, சுவரின் நிறம், அவருடைய மூக்குக்கண்ணாடியின் சட்டம் எல்லாமே முடிவான பிறகுதான் அவருக்குத் தெரியவரும். மாப்பிள்ளையைக்கூடக் கடைசியாகத்தான் காட்டினார்கள். நல்ல பையன். குறை சொல்ல இடமே வைக்கவில்லை. அது ஒன்றுதான் குறை. ஆகவே, மகள் அன்றைக்கு உடுத்தப் போகும் உடையையாவது தன் கண்ணால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. வெளியே சொன்னால் சிரித்தே கெடுத்துவிடுவார்கள். எனவே சதி.

மனைவியை இருபத்தெட்டு வருஷம் ஆராய்ந்தவர் அவர். ஆறு உருப்படிகளை உதறாமல் அந்த அம்மாள் ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, முதல் நாள் மதிய இடைவேளையில், மனைவி சொல்லியிருந்த கடைக்குப் போனார். எங்கே போவதானாலும் முதல் நாளே போய்ப் பார்த்து வருவது அவர் வழக்கம். தேனிலவுக்குக்கூட முதல் நாள் போய் ரயில் பிளாட்பாரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்.

கழுத்தில் அளவு நாடா போட்ட விற்பனைப் பெண் மூன்று உடைகளைக் காட்டினாள். முதலாவது கொசுவலை. இரண்டாவது கூடாரம். மூன்றாவதைப் பிரித்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். தந்த நிறம், கழுத்தோரம் மட்டும் மணி வேலை.

"இதுதான். நாளைக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வருவேன். முதல்ல ஆறு சுமாரானதைக் காட்டிட்டு, இதை ஏழாவதா எடும்மா. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

"சரி சார்" என்றாள் அவள், ஒரு கேள்வியும் கேட்காமல். தன் பேச்சின் கம்பீரம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மூவரும் போனார்கள். முதல் உடையில் மகள் வெளியே வந்தாள்.

"ஜன்னல் திரை மாதிரி இருக்கு" என்றார் நிமிஷம் சார்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஜன்னல் திரைதானேடி உன் முதல் கல்யாண உடை?"

"அஞ்சு வயசுல. நீதான் துணி காயப்போடுற கிளிப்பை மாட்டி இடுப்பைப் பிடிச்சே."

"தலைக்கு டீ வடிகட்டி. கிரீடமாம். அது விழாம பிடிச்சுக்கிட்டே நான் பின்னால வரணும், முட்டி போட்டு. தோழி உன்னைவிட உயரமா இருக்கக் கூடாதுன்னுட்ட."

"அப்பாவுக்கு என்ன வேஷம்மா?"

"கண்ணாடி. எதிர்ல நின்னு நீ செய்யறதை எல்லாம் செய்யணும். ஒரு நாள் தும்மிட்டாரு. கண்ணாடி தும்மாதுன்னு அப்பவே வேலையை விட்டுத் தூக்கிட்ட."

"அப்புறம் யாரு?"

"பீரோ கண்ணாடி. அது ஒழுங்கா வேலை பார்த்துச்சு."

"இருங்க" என்றார் நிமிஷம் சார். "அந்தத் திரை சலவையில தொலைஞ்சு போச்சுன்னுதானே சொன்னீங்க? சலவைக்காரரோட நான் ரெண்டு வருஷம் பேசலையே."

"அவர் சந்தோஷமா இருந்தார், விடுங்க."

ஒவ்வோர் உடைக்கும் ஒரு கதை வந்தது. மூன்றாவதற்கு, அம்மாவின் குதிகால் செருப்பில் மகள் மாடிப்படி இறங்கி, நெற்றியில் வாங்கிய தையல். நான்காவதற்கு இருவரும் உடைமாற்றும் அறைக்குள் போனார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு இரண்டு மூக்குகள் உறிஞ்சும் ஓசை. வெளியே ஸ்டூலில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, தரையைப் பார்த்தார். அட்டவணையில் அழுகைக்கு அவர் நிமிஷம் ஒதுக்கியிருக்கவில்லை.

ஏழாவது வந்தது. மகள் திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். ஓர் இழை கூடவோ குறையவோ இல்லை. அவளுக்கென்றே பிறந்த உடை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பரவாயில்ல" என்றார், நடிப்பைக் கைவிடாமல். "உங்க இஷ்டம்."

"இதையே எடுத்துக்கலாம்மா" என்றாள் மகள். அம்மாள் தலையசைத்தாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் வெற்றி. அதை முகத்தில் காட்டாமலிருக்க அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துப் புன்னகை செய்தார். அப்போது உள்ளறையிலிருந்து தையல்காரர் தலையை நீட்டினார்.

"போன வியாழக்கிழமை இடுப்புல ஒரு அங்குலம் பிடிக்கச் சொன்னீங்களே, இப்ப சரியா இருக்காம்மா?"

மனைவி மணி வேலையை மிகக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். வியாழன் முந்தி, தான் வந்த நேற்று பிந்தி. இதைக் கண்டுபிடிக்க அட்டவணைக்காரர் தேவையில்லை. விற்பனைப் பெண் நேற்று ஒரு கேள்வியும் கேட்காததன் காரணமும் அவருக்குப் புரிந்தது.

"நான் நேத்து இங்க வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பிளாட்பாரத்தையே போய்ப் பார்த்துட்டு வந்தவர், கடைக்கு வர மாட்டீங்களா?"

"அந்தக் கொசுவலையும் கூடாரமும்?"

"நான்தான் பொறுக்கி வச்சுட்டுப் போனேன். அவ்வளவு மோசமா ரெண்டு கிடைக்கிறது லேசுப்பட்ட வேலையா?"

"எல்லாம் முடிஞ்சு போச்சுன்னா இன்னிக்கு எதுக்கு மூணு மணி நேரம் ஆறு உடையைப் போட்டுப் பார்த்தீங்க?"

"நீங்கதானே அந்தப் பொண்ணுகிட்ட ஆறு காட்டச் சொன்னீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் உடையை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அருகில் வந்து, அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"உங்களுக்குப் பிடிக்காத உடையை நான் போட்டுப்பேனா அப்பா? அதான் முன்னாடியே உங்களுக்குப் பிடிக்க வச்சுட்டோம்."