ஏணி மேடமும் எரியாத போர்டும்

“முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டு,” என்றார் நூலகர், பள்ளிக்கூடத்துக்கு நாலு வீடு தள்ளிக் காரை நிறுத்திவிட்டு.

“ஏன், கோட்டுக்கு என்ன?”

“முதுகு முழுக்க உங்க காலேஜ் பேரு. இதை மாட்டிக்கிட்டு ரகசியமா உள்ள போகணும்கற.”

மேடம் கோட்டைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த பனியனில் அதே பெயர், நெஞ்சுப் பக்கம், இன்னும் பெரிய எழுத்தில். நூலகர் பெருமூச்சு விட்டுத் தன்னுடைய ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். அதன் கை மேடத்தின் முழங்கையோடு நின்றுவிட்டது.

மேடத்துக்கு ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் தேடும் வேலை. ஊர் ஊராகப் போய், பள்ளிகளில் நன்றாக ஆடும் பெண்களைப் பார்த்து, பேசிச் சம்மதிக்க வைத்து, கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆறடியைத் தாண்டிய உயரம். மாணவிகள் ‘ஏணி மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்னால் அண்ணாந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கணவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். மேடத்தின் தோளுக்கு வருவார். கூடைப்பந்தில் விழும் எல்லாவற்றையும் ‘கோல்’ என்று சொல்வார். லீவு போட்டுவிட்டு இந்தப் பயணத்துக்குக் கார் ஓட்ட வந்ததற்குக் காரணம் உண்டு. மேடம் ஓட்டினால் வழியில் எந்த மைதானத்தில் யார் பந்தைத் தட்டினாலும் கண் அங்கேதான் போகும். போன தடவை காரும் கூடவே போய்விட்டது, வேலியை உடைத்துக்கொண்டு.

கிளம்பும்போது கல்லூரி முதல்வர் ரொம்ப மரியாதையாகச் சொல்லியிருந்தார். “இந்த வருஷமும் வெறுங்கையோட திரும்பினீங்கன்னா டீமைக் கலைச்சிடலாம் மேடம். உங்களுக்கு ஹாஸ்டல் ஆபீஸ்ல ஒரு நாற்காலி இருக்கு. நல்ல நாற்காலிதான்.”

மேடத்துக்கு அந்த நாற்காலி கனவில் எல்லாம் வந்துகொண்டிருந்தது.

இந்தப் பயணத்தில் முதல் பள்ளியில் உண்மையைச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். காலேஜுக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆடிய பத்துப் பேரும் தானே பந்தைப் போட வேண்டும் என்று நின்றார்கள். ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குப் பந்து போகவே இல்லை. பெற்றோர்கள் வேறு மேடத்தைச் சுற்றி நின்று மகள்களின் நாட்டிய போட்டோக்களைக் காட்டினார்கள்.

அதனால் இரண்டாவது பள்ளியில் மேடம் வேஷம் போட்டார். யாரோ ஒரு பெண்ணுக்குப் பெரியம்மா என்று சொல்லிப் பார்வையாளர்களோடு உட்கார்ந்தார். “எந்தப் பொண்ணுக்கு?” என்று பக்கத்து அம்மாள் கேட்டாள். மேடம் குத்துமதிப்பாக ஒருத்தியைக் காட்டினார். “அது என் பொண்ணாச்சே,” என்றாள் அந்த அம்மாள். மிச்ச ஆட்டத்தை மேடம் பார்க்கவில்லை.

ஆனால் அங்கிருந்து ஓடி வரும்போது ஒரு விஷயம் கிடைத்தது. அந்தப் பள்ளியின் பயிற்சியாளர் யாரிடமோ போனில் புலம்பிக்கொண்டிருந்தார். “ஸ்டேஷன் பக்கத்து ஸ்கூல்ல பூனைன்னு ஒரு பொண்ணு. எங்க பந்தை எடுத்துட்டுப் போனதே எங்களுக்குத் தெரியல. ஸ்கோர்போர்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. போன வருஷம் ரெண்டு காலேஜ்காரங்க வந்து பாத்துட்டு, இதுல ஒண்ணுமில்லன்னு போயிட்டாங்களாம். எனக்குப் புரியவே இல்ல.”

மேடத்துக்கும் புரியவில்லை. அதைப் பார்க்கத்தான் இந்த மூன்றாவது பள்ளிக்கு வந்திருந்தார்கள்.

“மகளுக்கு அட்மிஷன் விசாரிக்க வந்தோம்னு சொல்லுங்க,” என்று மேடம் காரிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். நூலகர் பொய் சொல்லிப் பழகாதவர். சமையல் எப்படி என்று மேடம் கேட்டால்கூட உண்மையைச் சொல்லிவிட்டு அவஸ்தைப்படுபவர். அதனால் வாசல் வரும்வரை அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

“மகளுக்கு அட்மிஷன் விசாரிக்க வந்தோம்,” என்றார் காவலாளியிடம், தப்பில்லாமல்.

“பொண்ணு எந்த கிளாஸ்?”

“பொண்ணா? எங்களுக்குப் பொண்ணு இல்லையே.”

காவலாளி இருவரையும் பார்த்தார். மேடம் தொண்டையைச் செருமினார். நூலகருக்கு வியர்த்துவிட்டது.

“இல்ல, வந்து, ஸ்கோர்போர்டு. ஸ்கோர்போர்டு ரிப்பேர் பண்ண வந்திருக்கோம்.”

காவலாளி மேடத்தைக் காலிலிருந்து தலை வரை நிதானமாகப் பார்த்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “இங்கயே நில்லுங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

“வேற எதுவுமே தோணலையா உங்களுக்கு?”

“நேத்து அந்த ஸ்கூல்ல அது கண்ணுக்கு நேரா மின்னிக்கிட்டே இருந்துச்சு. வாயில வந்துடுச்சு.”

“அந்தாளு இப்ப வந்து, எங்க போர்டு நல்லாத்தானே இருக்குன்னு சொல்லுவான். போய் கார்ல ஏறுங்க.”

ஏறுவதற்குள் காவலாளி மூச்சு வாங்க ஓடி வந்தார். “நல்ல நேரத்துல வந்தீங்க. போர்டு அணைஞ்சு கிடக்கு. பி.டி. சார் கையோட கூட்டிட்டு வரச் சொன்னார்.”

நூலகருக்கு முகமெல்லாம் பல். “பாத்தியா, நமக்கு அதிர்ஷ்டம் இருக்கு.”

“இருக்கு. இப்ப அதை யாரு ரிப்பேர் பண்றது?”

பள்ளியின் உள்ளரங்கத்தில் ஆட்டத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியோடு போட்டி. ஒரு பக்கம் நீலச்சட்டைப் பெண்கள், மறுபக்கம் மஞ்சள் சட்டைப் பெண்கள். விளையாட்டு ஆசிரியர், எல்லாருக்கும் பி.டி. சார், கழுத்தில் விசிலோடு எதிரே வந்தார். சுவரில் உயரத்தில் போர்டு கறுப்பாகக் கிடந்தது.

“ஏணி தயாரா இருக்கு,” என்றார் பி.டி. சார்.

மேடம் சட்டென்று நிமிர்ந்தார். சார் காட்டியது சுவரில் சாய்த்திருந்த ஏணியை.

“நீங்க ஏறுங்க,” என்றார் மேடம் கணவரிடம்.

“எனக்குத் தலை சுத்தும். லைப்ரரியில மேல் தட்டுப் புஸ்தகமே நான் எடுக்கறதில்ல. வாசகருக்குக் கீழ் தட்டுல வேற ஒண்ணு பாத்துக் குடுத்துடுவேன்.”

மேடம்தான் ஏறினார்.

“டூல்ஸ் எங்க?” என்று கேட்டார் பி.டி. சார்.

நூலகர் காருக்கு ஓடினார். காரில் இருந்தது ஒரு குடை, சாப்பாட்டு டப்பா, டயர் கழற்றும் ஸ்பேனர். ஸ்பேனரைக் கொண்டுவந்து, பெரிய டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுப்பதுபோல் மேலே நீட்டினார். மேடம் அதைச் செருகி லேசாக நெம்பினார். போர்டின் மூடி மொத்தமாகக் கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே வண்ண வண்ண ஒயர்கள், யாரோ அவிழ்த்துப் போட்ட பின்னல் மாதிரி. ஒரு ஒயரைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது உள்ளே திணித்தார்.

“மெயின் பாக்ஸ் எங்க இருக்கு சார்? அதைப் பாத்துடறேன்.”

“அங்க வேணாம்,” என்றார் பி.டி. சார் அவசரமாக. “ஷாக் அடிக்கும். ஆட்டத்துக்கும் நேரமாச்சு. பழைய அட்டை நம்பர் இருக்கு. நீங்க மேலயே நின்னு கையால மாட்டிடுங்க. விசில் நான் ஒருத்தன்தான், கணக்கு உங்க பொறுப்பு. அப்பப்பத் திரும்பிப் பாத்துக்குங்க, யாரு போட்டான்னு தெரியணும்ல.”

இப்படியாக, ஆட்டத்தைப் பார்க்க இத்தனை தூரம் வந்த மேடம், அந்த அரங்கத்திலேயே சுவரைப் பார்த்து நிற்கும் ஒரே ஆளானார்.

விசில் ஊதியது. பின்னால் ஓடும் சத்தம், காலணிகள் கீச்சிடும் சத்தம், பந்து தரையில் மோதும் சத்தம். திடீரென்று எல்லாரும் “ஓ” என்றார்கள். மேடம் கழுத்தைத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்து நீலச்சட்டைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்னங்க ஆச்சு?”

“கோல்,” என்றார் நூலகர் கீழிருந்து, ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

“எப்படிப் போட்டாங்க?”

“பந்தாலதான்.”

மறுபடி “ஓ”. மறுபடி மேடம் திரும்பினார், மறுபடி முடிந்திருந்தது. அடுத்த தடவை முன்கூட்டியே திரும்பி நின்றுகொண்டார். அப்போது நம்பர் மாட்டாமல் விட்டுப்போனது. “ரிப்பேரக்கா, நம்பரு” என்று கூட்டம் கத்தியது. அதைச் சரிசெய்ய நூலகர் இரண்டு அட்டைகளைச் சேர்த்து நீட்டினார். மேடம் நீலத்துக்கு மஞ்சளின் நம்பரையும் மஞ்சளுக்கு நீலத்தின் நம்பரையும் மாட்டினார். மஞ்சள் பக்கத்துப் பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாற்றி மாட்டியதும் நீலத்தின் பெற்றோர்கள் எழுந்து நின்றார்கள். நூலகத்தில் இப்படிக் கத்தினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று நூலகர் முணுமுணுத்தார்.

இந்தக் களேபரத்துக்கு நடுவேதான் மேடம் அவளைப் பார்த்தார்.

நீலச்சட்டையில் ஒரு குள்ளப் பெண். மேடத்தின் இடுப்பைத் தாண்டினால் அதிசயம். மஞ்சள் அணியின் பெரிய பெண் ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு கம்பீரமாக வந்தாள். குள்ளப் பெண் அவளைக் கடந்து போனாள், அவ்வளவுதான். பெரிய பெண் இன்னும் இரண்டு எட்டு தட்டினாள், கையில் பந்து இல்லாமலே.

“பூனை, பூனை” என்று அரங்கம் கூவியது.

பூனை கூடைக்கு அருகே போய்விட்டாள். தானே போட்டிருக்கலாம், தடுக்க யாரும் இல்லை. ஆனால் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் தட்டிவிட்டாள். அங்கே ஓடி வந்த பெண் ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து எல்லாவற்றையும் தவறவிட்டு அழும் நிலைக்கு வந்திருந்தவள். அவள் போட்டாள். விழுந்தது. பூனை அவளைவிட அதிகமாகச் சிரித்தாள்.

மேடத்துக்கு ஏணி ஆடுவதுபோல் இருந்தது. ஏணி ஆடவில்லை.

“ஏங்க,” என்றார் மெதுவாக. “கிடைச்சுட்டா.”

“என்ன கிடைச்சுது? ஒயரா?”

அதற்குப் பிறகு மேடத்தின் கை எதை மாட்டியது என்று மேடத்துக்கே தெரியாது. கடைசி நிமிஷங்கள். நீலமும் மஞ்சளும் சமம் என்று போர்டு சொன்னது. பி.டி. சார் ஆட்டத்தை நிறுத்தி வைத்திருந்த சின்ன இடைவெளியில் பூனை ஏணியடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“அக்கா, அது ஒன்பது இல்ல, ஆறு. தலைகீழா மாட்டிட்டீங்க. எங்களுக்கு மூணு பாயிண்ட் அதிகமா இருக்கு.”

“அப்படியா? மாத்தினா நீங்க பின்னாடி போயிடுவீங்களே.”

“ஆமாக்கா. சீக்கிரம் மாத்துங்க, இப்ப ஆரம்பிச்சுடுவாங்க.”

குரலில் நடுக்கமில்லை, கண்ணில் பயமில்லை. ரிப்பேர்காரியிடம் யாருக்கு என்ன பயம்? மேடம் அட்டையைத் திருப்பி மாட்டினார். நீலம் துரத்தியது. பூனை இன்னும் இரண்டு பந்துகளைத் திருடினாள். ஒன்று கூடையில் விழுந்தது, இன்னொன்று விளிம்பில் சுற்றிச் சுற்றி வெளியே வந்தது. விசில் ஊதியபோது நீலம் ஒரு புள்ளியில் தோற்றிருந்தது. அந்த நம்பரைச் சரியாக மாட்டிவிட்டு மேடம் கீழே இறங்கினார்.

நேராகப் பி.டி. சாரிடம் போய் ஸ்வெட்டரைக் கழற்றினார். பனியனில் கல்லூரியின் பெயர் பளிச்சென்றது.

“சார், மன்னிச்சிடுங்க. நான் ரிப்பேர்காரி இல்ல.”

“அப்படியா?” என்றார் பி.டி. சார். ரொம்பப் பெரிய ‘அப்படியா’வாக இருந்தது.

பனியனைப் படித்ததும் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்ற பூனையின் முகம் வெளுத்தது.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் ஆடியே இருக்க மாட்டேன்க்கா. யாராவது செலக்ஷனுக்குப் பேப்பர் பேனாவோட உக்காந்தா எனக்குக் கை வேர்த்துடும். பந்து நிக்காது. போன வருஷம் வந்தவங்க முன்னாடி மூணு தடவை கீழ விழுந்தேன். ஒரு தடவை பந்தே என்கிட்ட இல்ல.”

“எங்க காலேஜ் மேட்சுக்கு யாரும் பேப்பர் பேனாவோட வர மாட்டாங்கம்மா,” என்றார் மேடம். “இப்போதைக்கு யாருமே வர்றதில்ல. கூட்டம் வர்றதுக்குள்ள நீ பழகிடலாம். எனக்கும் அப்படித்தான் பழகிச்சு. அம்மாகிட்ட நாளைக்கு நான் வந்து பேசட்டுமா?”

பூனை தரையைப் பார்த்தாள், பி.டி. சாரைப் பார்த்தாள், பிறகு மேடத்தை அண்ணாந்து பார்த்தாள். “சாயங்காலமே வாங்கக்கா. நாளைக்குன்னா எனக்குப் பயம் வந்துடும்.”

மேடம் வெளியே நடந்தபோது இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தார். ஹாஸ்டல் ஆபீஸ் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துகொள்ளட்டும்.

ஆனால் நூலகரின் மனசு கேட்கவில்லை. வாசலில் நின்றுவிட்டார்.

“அண்ணே, உங்ககிட்ட பொய் சொல்லி உள்ள போயிட்டோம்,” என்றார் காவலாளியிடம். “போதாததுக்கு இருந்த போர்டையும் மூடியைக் கழட்டி, ஒயரைப் புடுங்கி வச்சிருக்கோம். நாளைக்கே ஒரு நல்ல மெக்கானிக்கை அனுப்பி எல்லாத்தையும் சரி பண்ணித் தர்றேன்.”

“மூடியை மட்டும் மாட்டச் சொல்லுங்க சார், அது போதும்,” என்றார் காவலாளி. “ஆறடிக்கு மேல ஒரு அம்மா வந்திருக்காங்கன்னு நான் சொன்னதுமே பி.டி. சாருக்குப் புரிஞ்சுடுச்சு. ‘அந்தம்மா யாருன்னு தெரிஞ்சா நம்ம பூனை ஆடாதுய்யா, ஓடிப்போய் ஃப்யூஸைப் புடுங்கு’ன்னு பி.டி. சார் என்னை விரட்டற வரைக்கும் போர்டு நல்லாத்தான் எரிஞ்சிட்டிருந்துச்சு.”