பட்டறைக்கு ஒரே பக்கம் போட்டுக் கொடுத்த மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. உங்கள் அத்தையின் முட்டிவலி நீங்கலாக வீட்டில் எல்லோரும் நலம். நீங்களும் என் மகளும் நலமென்றே நம்புகிறேன். நம் கதவுப் பட்டறைதான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்று சொன்னால் மரியாதைக் குறைவு, சொல்லாவிட்டால் பொய்.

போன மாதம் வந்தபோது, "எதுக்கு மாமா இப்படிக் கத்துறீங்க? எல்லாரும் இன்டர்நெட்ல ஒரே பக்கத்துல எழுதிட்டா வேலை சுலபம்" என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனீர்கள். மறுநாளே கத்தல் நின்றது, எழுத்தில் ஆரம்பித்தது. தச்சர் எழுதிய கதவு அகலத்தைப் பாலிஷ்காரர் திருத்துகிறார், அதைத் தச்சர் அழிக்கிறார், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு முகம்கூடப் பார்க்காமல் போனில் சண்டை போடுகிறார்கள், உங்கள் அத்தையையும் சேர்த்துவிட்டிருக்கிறீர்களே, அவள் டெலிவரிப் பட்டியலில் "தலையணை உறை ரெண்டு" என்று எழுதிவைக்க, டிரைவர் அதையும் வாங்கிக்கொண்டு போய்க் கதவு கேட்டிருந்த பல் டாக்டர் வீட்டில் கதவோடு இறக்கிவிட்டார், திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அது போகட்டும். ஓட்டல் ஒன்றில் எல்லா அறைக்கும் கதவு செய்யும் ஆர்டருக்காக நாயாய் அலைந்தேன். அது கிடைக்காவிட்டால் இரண்டு பேரை வேலையைவிட்டு அனுப்பவேண்டும். யாரை அனுப்புவது என்று ராத்திரியெல்லாம் பெயர் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். ஓட்டல்காரரையும் அந்தப் பக்கத்தில் சேர்த்தால் நம்பிக்கை வரும் என்றீர்கள், சேர்த்தேன். இருபது நாளில் தருகிறோம் என்று எழுதினேன். அதற்குக் கீழேயே நம் மேஸ்திரி, "ஓனர் சொல்ற தேதிய நம்பாதீங்க. மரம் காயணும். ரெண்டு மாசம் ஆகும்" என்று எழுதிவிட்டார். கேட்டால், "நமக்குள்ளதானே ஓனர் எழுதினேன்?" என்கிறார். அன்றிலிருந்து ஓட்டல்காரர் போனை எடுப்பதில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

ஆகவே, தயவுசெய்து அந்தப் பக்கத்தை உடனே எடுத்துவிடுங்கள். எங்களுக்குத் தொண்டையே போதும்.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், உங்களுக்கு மட்டும் கொஞ்சம் குறைவான யோசனைகளும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
கத்தியே பிழைத்த மாமா

பின்குறிப்பு: பக்கத்தை எடுத்துவிடாதீர்கள். ஓட்டல்காரர் இப்போதுதான் கூப்பிட்டார். "போன பட்டறையில எல்லாம் இருபது நாள், இருபது நாள்னே ஏமாத்தினாங்க. உங்க ஆள் ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னார். ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார். யாரையும் அனுப்பவேண்டியதில்லை, மாப்பிள்ளை. கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: இனி தேதியை மேஸ்திரிதான் எழுதவேண்டுமாம், நான் படிக்க மட்டும் செய்யலாமாம். அதை எப்படிச் செய்வது என்று உங்களைக் கேட்கலாமென்று பார்த்தேன், மேஸ்திரி ஏற்கெனவே செய்துவிட்டார்.