முட்டி கம்பவுண்டர்

திருத்தணியில் அந்தக் காலத்தில் இரண்டு கால் உள்ள எவனும் முட்டி கம்பவுண்டரிடம் அடி வாங்காமல் தப்பியதில்லை. பர்மா சண்டையில் ஸ்ட்ரெச்சர் தூக்கிவிட்டு வந்தவர். ஊருக்கு அவர் கொண்டுவந்த சொத்து, தலையில் ரப்பர் வைத்த ஒரு குட்டிச் சுத்தியல். சண்டை முடிந்த மறுவருஷம் எங்கள் ஊர் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். ஆஸ்பத்திரிக்கு அடுத்த அறையில் வாடகைக்கு இருந்தேன்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து நெசவாளி ஒருவன் இருமிக்கொண்டே வந்தால், முதலில் அவனை பெஞ்சில் உட்காரவைத்து முட்டிக்குக் கீழே 'டொக்' என்று ஒரு தட்டு. கால் தானாகத் துள்ளும்.

"இருமலுக்கு முட்டிய எதுக்குங்க தட்றீங்க?"

"இருமல் எங்க போவுது நைனா? கால் துள்ளுதான்னு பாக்க வேணாவா? இந்தச் சேதி மூளைக்கே போறதில்ல, தெரியுமா? முதுகுத்தண்டு வரைக்கும் போயி, அங்கயே உத்தரவு வாங்கிகினு திரும்பி வந்துடும். மூளை தாசில்தாரு. முதுகுத்தண்டு நம்ம ஊரு முனிசிப்பு. சின்ன விசயத்த எல்லாம் தாசில்தாரு வரைக்கும் எவன் எடுத்துகினு போவான்?"

உண்மையான தாசில்தாரே ஒருநாள் கொப்புளத்துக்கு மருந்து போட வந்தார். அவரையும் தட்டினார். தாசில்தாரின் கால் துள்ளி, எதிரே டாக்டர் கையில் இருந்த காப்பி டம்ளர் கூரையைப் பார்த்துப் பறந்தது. காப்பியில் நனைந்த டாக்டர் கத்திக்கொண்டிருக்க, இவர் மட்டும், "பிரமாதம்! ஐயாவுக்கு நரம்பு குதிரை மாதிரி!" என்று கைதட்டினார்.

ஆர்.கே.பேட்டைக்குத் தனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கம்பவுண்டர் பெண்ணைப் பார்க்கவே இல்லை. பெண்ணின் அப்பாவுடைய முட்டியைத் தட்டினார். துள்ளவில்லை. இன்னொரு முட்டியைத் தட்டினார். அதுவும் துள்ளவில்லை. "மாமா, உங்களுக்குக் கால்ல உணர்ச்சி கம்மி. சர்க்கரை இருக்கும்போல. உடனே வேலூருக்குப் போங்க" என்றார். பஜ்ஜித் தட்டைக்கூட உள்ளே எடுத்துப்போய்விட்டார்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பெரியவர் அடுப்புக் கங்கை மிதித்துக்கொண்டு நின்றாராம். தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாராம். இதைக் கேட்டும் நாங்கள் சிரித்தோம். அவர் சொன்னது சரியாகப் போனது எங்களுக்கு உறைக்கவே இல்லை. கோமாளி சொல்வதை யார் கணக்கில் வைத்துக்கொள்வார்கள்?

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை. மலைப்படியில் கூட்டம் நெரிந்தது. டோலி தூக்கும் முனுசாமி ஒரு செட்டியாரை இறக்கிக்கொண்டு வந்தவன், ஈரப்படியில் வழுக்கினான். தோள்கட்டையை விடாமல், முதுகடியாகப் படியின் விளிம்பில் விழுந்தான். செட்டியாருக்குச் சிராய்ப்புகூட இல்லை.

நான் இரண்டு படி மேலே நின்றிருந்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கம்பவுண்டர் வந்தார். முனுசாமியின் பாதத்தருகே குந்தினார்.

"முனுசாமி, கட்டைவிரல ஆட்டு."

விரல் ஆடியது. கொஞ்சம்தான். ஆனால் ஆடியது.

"கிள்றேன், தெரியுதா?"

"ஆங்... தெரியுதுண்ணே. முதுகுதான் உயிர் போவுது."

கம்பவுண்டர் எழுந்து கத்தினார். "யாரும் தொடாதீங்க! கடைப்பலகை ஒண்ணு கழட்டிகினு வாங்க! தண்டு எலும்பு ஒடஞ்சிருக்குது, உள்ள நரம்பு இன்னும் அறுபடல. மடக்கித் தூக்கினா அறுந்துடும்!"

"இப்பவும் வைத்தியம் படிக்கிறான் பாரு!" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. "வலியில துடிக்கிறான், தூக்குங்கய்யா!" என்றான் இன்னொருவன். நான்கு பேர் குனிந்தோம். ஆமாம், குனிந்தோம். கால்களைப் பிடித்தவன் நான். தோளை இருவர், இடுப்பை ஒருவர். மூட்டையை மடக்குவதுபோல் மடக்கி அதே டோலியில் போட்டோம்; வெளியே நீண்ட கால்களை நான் தாங்கிக்கொண்டு நடந்தேன். முனுசாமி ஒருமுறை அலறினான். அடிவாரம் சேர்வதற்குள், "என் காலு எங்கடா?" என்று கேட்டான். அவன் கால் என் கையில்தான் இருந்தது.

மறுநாளே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கம்பவுண்டர் விரலைப் பிடித்து முறுக்கியதால்தான் கால் போனதாம். டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். பக்கத்திலேயே நின்ற கம்பவுண்டர் முந்திக்கொண்டார்.

"நீ பாத்தே இல்ல வாத்தியாரே? விரல் ஆடிச்சு இல்ல?"

"கூட்டத்துல எனக்குச் சரியாத் தெரியலிங்க" என்றேன்.

கம்பவுண்டர் என்னை ஒருமுறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அன்றே மறந்திருப்பேன். அன்று சாயங்காலம் அவருக்கு வேலை போயிற்று. எனக்கு வழக்கம்போல் பள்ளிக்கூடம் இருந்தது.

ஊரை விட்டுப் போய்விடுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். போகவில்லை. படிக்கட்டின் கீழே நன்னாரி சர்பத் விற்றார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கடையை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் இருந்த முனுசாமியின் குடிசைக்கு ஓடுவார். எதற்கு என்று நான்கு மாதம் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தயார்செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கேட்கத் தயாராக இல்லை.

"வந்தியா? தோள நான் புடிக்கிறேன், இடுப்ப நீ புடி. ரெண்டு பேரும் ஒண்ணா திருப்பணும், தண்டு வளையக் கூடாது. இவனுக்கு வலி தெரியாது. ஒரே பக்கம் கெடந்தா சதை அழுவிடும், இவனுக்கே தெரியாது. நாமதான் தெரிஞ்சிக்கணும்."

திருப்பினோம். முனுசாமியின் முதுகில் ஒரு புண் இல்லை.

அதன்பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போனேன். டாக்டர் அவனுக்கு ஆறு மாதம் கெடு வைத்திருந்தார். முனுசாமி நான்கு வருஷம் இருந்தான், வாய் நிறைய வசவோடு. என்னையும் வைவான். அதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. கம்பவுண்டர் ஒருநாளும் அந்தப் படியைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நானும் டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, மாற்றலாகிப் போனேன். கம்பவுண்டர் காய்ச்சலில் போன செய்தியும் யாரோ ரயிலில் சொல்லித்தான் தெரிந்தது.

போன வருஷம் என் மனைவி பக்கவாதத்தில் ஏழு மாதம் படுத்திருந்தாள். ஒரு புண் வரவில்லை. பார்க்க வந்த நர்ஸம்மா ஆச்சரியப்பட்டு, "யாருங்க இப்படித் திருப்பச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.