குங்குமம் வைத்த அடாப்டர்

ஒரகடத்தில் கார்க் கதவு செய்கிற அந்தக் கம்பெனியில், ஷிப்ட் பஸ்ஸை விட்டு இறங்கிய ஜனம் நேராக, ரோபோக்களை ஓட்டும் பேனல் பெட்டிக்குப் பூஜை போடும் பேனல் சாமி கோதண்டத்திடம் எலுமிச்சம்பழம் வாங்க ஓடியது. பத்தாவது படித்தவன் வரிசையின் கடைசியில், பி.இ. படித்தவன் முதல் ஆளாக. படிப்புக்கு மரியாதை வேண்டாமா? மாதம் நாலு தடவை ரோபோ வெல்டிங் லைன் படுத்துவிடும். சாமி வந்து கற்பூரம் காட்டுவார். அவர் மச்சான் லோகேஷ், கம்பெனியின் எலக்ட்ரீஷியன், சாம்பிராணியோடு பேனலுக்குப் பின்னால் போவான். லைன் எழுந்து ஓடும். ரோபோவைப் பிடித்தது உள்ளூர்ப் பேயா, ஜப்பான் பேயா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பராமரிப்பில் இருந்த சாத்தான்குளத்து இசக்கிசெல்வி கேட்டாள். வந்தது வினை.

"அந்தப் பொண்ணு பேனலைத் தொட்டுக்கினே கீது. அதான் தீட்டு. வெளிய அனுப்பு" என்றார் சாமி.

லைன் ஏன் நிற்கிறது என்று காட்டாவிட்டால் வேலை போகும் என்று மேனேஜர் சங்கரநாராயணன் வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்துக் கடிதம் கொடுத்தார். ஊரில் தங்கச்சியின் காலேஜ் படிப்பு இசக்கிசெல்வியின் சம்பளத்தில்தான் ஓடியது. அவள் கம்ப்யூட்டர் பதிவைத் திறந்து பார்த்தாள். லைன் நின்றபோதெல்லாம் ஈதர்நெட் கேபிள் கழன்றிருந்தது. கற்பூரம் காட்டியபோதெல்லாம் மாட்டியிருந்தது. அடேயப்பா, பேய்க்கு விரல்கூட இருக்கிறது.

அந்தக் கேபிள் வழியாக, லைனை ஆட்டுவிக்கும் கண்ட்ரோலரையும் ரோபோக்களையும் பேச வைப்பது ஓர் அடாப்டர். அது போனால் தானாகவே பொறுப்பை எடுத்துக்கொள்ள வாங்கிய ஜோடி அடாப்டர், பிரிக்காத அட்டைப்பெட்டியில், குங்குமப் பொட்டோடு அலமாரியில் இருந்தது. "ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தியா?" என்று சாமி தடுத்திருந்தார்.

"கெடு இன்னும் முடியலல்லா சார்" என்று மேனேஜரிடம் அனுமதி வாங்கி, ஞாயிறு விடுமுறையில் அவள் பெட்டியைப் பிரித்தாள். ஜோடியைப் பக்கத்தில் மாட்டி, அதன் கேபிளை லோகேஷ் கண்ணில் படாத தனி வழியில் இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கூட்டம் நெரிந்தது.

"நான் பேனலைத் தொடுதேன் சாமி. லைன் நிக்குமா?"

"பத்து எண்றதுக்குள்ள நிக்கும்."

தொட்டாள். கூட்டம் எண்ணியது. பத்து. பதினைந்து. ரோபோக்கள் தம் பாட்டுக்கு வெல்டிங் வைத்தன. சாமி இருமினார். இன்னும் பலமாக இருமினார்.

பேனலுக்குப் பின்னாலிருந்து லோகேஷ் எட்டிப் பார்த்தான், கையில் கேபிளோடு.

"மாமா, புடுங்கி எவ்ளோ நேரமாச்சு. நிக்க மாட்டேங்குது."

சாமி செருப்பைக்கூடத் தேடாமல் வாலாஜாபாத் பக்கம் ஓடினார். மேனேஜர் கெடுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எதுக்கும் அந்தப் புதுசுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் கட்டிடலாமாம்மா?"

இசக்கிசெல்வி அவர் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தாள்.

"அடாப்டருக்கு மாத்து இருக்கு சார். மூளைக்குக் கிடையாது. அதையும் பிரிக்காம, மேல குங்குமத்தை மட்டும் வச்சு விட்டுறாதீய."