முன்னோடி அண்ணையின் ஆறடி

மொன்ட்ரியாலில் ஒரு மூத்த தமிழர் கண்ணை மூடினால், செத்தவீட்டில் முகம் மலர்ந்து நிற்கக்கூடிய ஒரே மனிதர் முன்னோடி அண்ணைதான். கெட்ட மனிதர் என்று எண்ணிவிடாதீர்கள். தனக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்ததாகச் சொல்லக்கூடியவர்களில் ஒருவர் குறைந்துவிட்டார் என்ற நிம்மதி, அவ்வளவுதான்.

நகரத்தின் முதல் தமிழர் தானே என்பது அவர் கொள்கை. கோயில் திருநாளில் முன்வரிசை, கல்யாணத்தில் முதற்பந்தி எல்லாம் அந்த உரிமையில்தான். தமிழ்நாட்டு டொக்டர் ஒருவர், தான் அவருக்கும் முன்பே வந்ததை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“நீங்கள் படிக்க வந்தனீங்கள் டொக்டர். நான் இருக்க வந்தனான்” என்று அண்ணை வழக்கை முடித்துவிட்டார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் மொன்ட்ரியால் தீவின் மேற்கு முனையிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் என்னைக் காரில் இறக்கிவிட வந்த அண்ணை, வயல்களுக்கு நடுவே இருந்த பழைய இடுகாட்டைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சுப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ‘முன்னோடிகளின் கல்லறை’ என்று மொழிபெயர்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அந்த இடத்தைப் பராமரித்தவர் ஒரு முதிய பிரெஞ்சுப் பெண்மணி. மதாம் என்றுதான் அழைப்போம். ஆற்றுவழியே வந்து காடு வெட்டிய குடும்பங்கள் இங்கே கிடக்கின்றன, மரச்சிலுவைகள் உக்கிப்போய் வசதியானவர்களின் கற்கள் மட்டும் மிஞ்சின, நூறு வருடங்களுக்கு மேலாக யாரையும் புதைப்பதில்லை என்றெல்லாம் சொன்னார்.

அண்ணை என் காதருகே குனிந்தார். “தம்பி, எனக்கு இதுக்கை ஒரு ஆறடி வேணுமெண்டு கேளும். நானும் முன்னோடிதானே.”

கேட்டேன். “அவர் எந்தக் காட்டை வெட்டினார்?” என்றார் மதாம்.

“எங்கட அப்பார்ட்மென்டில முதன்முதல் மீன்குழம்பு வைச்சது நானெண்டு சொல்லும். மேல்வீட்டுக்காரரிட்டை வாங்கின ஏச்சுக்கு, காடு வெட்டுறது சுகம்.”

மதாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடம் கிடையாது, வேண்டுமானால் சனிக்கிழமைகளில் புல் பிடுங்க வரலாம் என்றார்.

அண்ணை கோட், டையோடு வந்தார். கற்களில் ஆண்டு பார்த்து, மிகப் பழையவற்றுக்கு மட்டும் புல் பிடுங்கினார். மற்றவற்றைத் தொடவில்லை. “இவை வசதி வந்தாப்பிறகு வந்த ஆக்கள்” என்றார். பிறகு, “இதிலை ஆக முதல் வந்தது ஆரெண்டு கேளும்” என்றார்.

மதாம் எங்களை வேலிக்கரைக்கு அழைத்துப்போனார். அங்கே கல்லே இல்லை. கப்பலில் தனியாக வந்த ஒரு வேலைக்காரப் பெண்ணாம். முதற் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பெயர் யாருக்கும் தெரியாது.

“பேர் கேட்டு வைக்க ஒரு சனம் இல்லாமல் போச்சே” என்றார் அண்ணை. இதை நான் மொழிபெயர்க்கவில்லை. கோட்டோடு மண்ணில் குந்தி அந்த இடத்தைத் துப்புரவாக்கினார்.

அன்றோடு திருந்தி எல்லாக் கல்லறைக்கும் புல் பிடுங்கினார் என்று எழுத ஆசைதான். இல்லை. சனிக்கிழமை தவறாமல் வந்து வேலிக்கரையை மட்டும் பார்த்துக்கொண்டு, புல் பிடுங்க வந்த மற்றவர்களை மேய்த்தார். கோயிலில் நின்று, “இந்தத் தீவுக்கு ஆக முதல் வந்தவ எனக்குத் தெரிஞ்ச ஆள்” என்று அளக்கவும் தொடங்கினார்.

சில வருடங்களில் மாரடைப்பில் போனார். ஆறடி கேட்ட மனிதரை எரிக்க மனம் வராமல், நகரத்து இடுகாடொன்றில், புதிதாகத் திறந்த பகுதியில் அடக்கம் செய்தோம். சுற்றிவரப் பார்த்தேன். எல்லாம் இத்தாலியப் பெயர்கள். எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. டொக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, “இங்க இவர்தான்ப்பா ஃபர்ஸ்ட்” என்றார். யாரும் மறுக்கவில்லை.

இப்போது அந்தப் பகுதியில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். எனக்கும் ஒருநாள் அங்கேதான் என்றால் பெரிய பயமில்லை. அறிமுகமான ஒரு மனிதர் முன்கூட்டியே போய் இருக்கிறார்.