பாதுகாக்கப்பட்ட கசிவு

சொந்த வீடு இல்லாதவனை மனிதனாக மதிக்காத காலம் ஒன்று இருந்தது. அது மலையேறிவிட்டது. இப்போது சொந்த வீட்டில் தானே குடியிருப்பவனையும் மனிதனாக மதிப்பதில்லை. இந்த மகத்தான உண்மை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கல்யாண மண்டபத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு போதிக்கப்பட்டது. கோட்டுப் போட்ட வழிகாட்டி ஒருவர் மேடையேறி, "வீடுங்கிறது படுத்துத் தூங்குறதுக்கா?" என்று முழங்குவார். "இல்லை!" என்று மண்டபமே அதிரும். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குவார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அந்த வகுப்பில் முன்வரிசை மாணவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்த மனுஷர்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மனைவியோடு மச்சான் வீட்டு ஹாலில்தான் வாசம். மச்சான் டிவியை அணைத்தால்தான் இவர்களுக்குப் படுக்கை. கல்யாணச் சீராக வந்த பாத்திரமெல்லாம் அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கடியில் கிடந்தன. தனக்கென்று ஓர் அடுப்படி வேண்டும், அதில் அண்ணி எட்டிப் பார்க்காமல் ஒருவேளை காபி போட வேண்டும், அவ்வளவுதான் அந்த அம்மாளின் ஆசை.

அப்படியிருக்க, மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் நடு மாடியை வாங்கிவிட்டு வந்து அவர் சொன்னார்: "இது நாம குடியிருக்க இல்ல. முதலீடு. வாடகைக்கு விடுவோம். அதை வச்சு இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு."

"அதுவரைக்கும் நாம?"

"மச்சான் ஹால்தான்."

அந்த அம்மாள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு போய் ஹாலின் மறு மூலையில் போட்டார். கடைக்காரர் பின்னாலேயே ஓடினார். மழைக்காலம் முடிவதற்குள் ஆள் வராவிட்டால் நாமே போய்விடலாம் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

ஆள் வரவில்லை. வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோருமே, "சும்மா விலை விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தோம், நாங்களும் வாடகைக்குத்தான் விட்டிருக்கோம்" என்றார்கள். ஊரில் எல்லோரும் வீட்டுக்காரர் ஆகிவிட்டதால் குடித்தனக்காரர் என்ற ஜாதியே அற்றுப்போயிருந்தது. அந்த அம்மாள் அட்டைப்பெட்டிகளைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தார். அன்றைக்கென்று பார்த்து நடு மாடிச் சமையலறைக் கூரை ஒழுக ஆரம்பித்தது. சரியாக அடுப்பு வைக்க வேண்டிய இடத்தில், சொட்டு சொட்டாக.

மேல் மாடிக்காரர் ஒரு பல் டாக்டரம்மா. அவர் தன் குளியலறைத் தரையைப் பெருமையோடு காட்டினார்.

"ஒரு சொட்டு ஈரம் இருக்கா பாருங்க சார். ஒழுகுறது உங்க கூரை. உங்க கூரைக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

"உங்க தரைதானேம்மா எனக்குக் கூரை?"

"அது கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறவங்க சொல்றது."

சரி, நம் செலவிலேயே பார்த்துக்கொள்வோம் என்று கடைக்காரர் குழாய்க்காரரைக் கூப்பிட்டார். குழாய்க்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து கார்டு நீட்டினார். அதில் 'முதலீட்டாளர்' என்று போட்டிருந்தது.

"இப்பல்லாம் நான் குழாயைத் தொடுறதில்லைங்க. ரெண்டு வீடு வச்சிருக்கேன். தொட்டா மரியாதையா இருக்காது."

"அப்ப உங்க வீட்டுல ஒழுகுனா?"

"அதை ஏன் கேக்குறீங்க! ரெண்டுலயும்தான் ஒழுகுது. ஆள் கிடைக்காம நானே அல்லாடிட்டிருக்கேன்."

எதுவானாலும் எழுத்தில் கேள் என்பது வகுப்பின் இன்னொரு மந்திரம். எனவே கடைக்காரர், 'கசிவுத் தகராறு தீர்வுப் பிரிவு' என்ற அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் செய்த தவறுகளில் வீடு வாங்கியதுகூட இதற்குப் பிறகுதான் வரும்.

அதிகாரி வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒழுகுவதை வெகுநேரம் கண் கொட்டாமல் பார்த்தார். முதல்தரமான கசிவு என்று பாராட்டினார். பிறகு அங்கேயே உத்தரவு எழுதினார்: 'மேற்படி கசிவு தகராறுக்குரிய சாட்சியம் ஆதலால், தீர்ப்பு வரும்வரை அதை எவரும் அடைக்கவோ, குறைக்கவோ, திசை திருப்பவோ கூடாது. புகார்தாரர் அதை இருந்த நிலையிலேயே பாதுகாத்து வரக் கடவர்.'

"சார், நிறுத்தணும்னுதானே புகார் குடுத்தேன்?"

"நிறுத்திட்டா எதை வச்சு சார் விசாரிக்கிறது? கொஞ்சம் நியாயமா யோசிங்க."

அந்த அம்மாள் அட்டைப்பெட்டிகளை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினார். தள்ளிய வேகத்தில் ஒரு குக்கர் மூடி நசுங்கியது. மச்சான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன மாப்பிள்ளை, முதலீடு எப்படிப் போகுது?" என்றார். "சொட்டுச் சொட்டா சேருது மச்சான்" என்று சொல்லிச் சமாளித்தார் இவர்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா மகள் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டார். மேலே குளிக்க ஆள் இல்லை. கசிவு நின்றுபோனது. கடைக்காரர் துள்ளிக் குதித்தார். குதித்து முடிப்பதற்குள் நோட்டீஸ் வந்தது. ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்குப் போனார்.

"உங்க பொறுப்புல விட்ட கசிவு எங்கே சார்?" என்றார் அதிகாரி, பிள்ளையைத் தொலைத்தவனிடம் கேட்பதுபோல.

"அதுவா நின்னுடுச்சு சார்."

"அதுவா நிற்க அது என்ன கடிகாரமா? அடுத்த ஆய்வுக்குள்ள கசிவு பழைய நிலைக்கு வரணும். இல்லேன்னா சாட்சியத்தை அழிச்சதா வழக்கு."

கடைக்காரர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். "அம்மா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். வந்து ஒரு தடவை குளிச்சுட்டுப் போங்க!" எதிர்முனையில் போனைப் பட்டென்று வைத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டு விஷயத்தை விளக்கி, அவர் கொடுத்துவைத்திருந்த சாவியைப் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி, அவர் குளியலறையில் இவரே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கீழே ஓடிவந்து பார்ப்பார். ஒழுகினால் அப்பாடா என்றிருக்கும். தன் வீட்டை ஒழுக வைக்க இப்படி உயிரைக் கொடுத்து உழைத்த முதலீட்டாளர் அந்த வகுப்பின் வரலாற்றிலேயே கிடையாது. ஆய்வுக்கு வந்த அதிகாரி பூரித்துப்போனார். "முன்னைக்கு இப்ப நல்லாவே வளர்த்திருக்கீங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அப்படி வளர்ந்த கசிவு சும்மா இருக்குமா? நடு மாடித் தரையையும் நனைத்துக் கீழ் மாடிக்கு இறங்கியது. ஒரு காலையில் கடைக்காரரும் மனைவியும் நடு மாடிக்கு வந்திருந்தபோது கீழ் மாடிக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே படியேறி வந்தார். பார்த்தால் நம் அதிகாரி!

"நீங்களா சார்?"

"நானும் ஞாயிறு வகுப்புக்குப் போறேன்" என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "போன மாசம்தான் வாங்கினேன். ஆய்வுக்கு வந்தப்ப கட்டடம் பிடிச்சுப்போச்சு. எப்படியாவது இதை நிறுத்துங்க சார், கூரை ஊறிப்போய் நிக்குது."

"உங்க உத்தரவு இருக்கே சார்?"

அதிகாரி தலையைச் சொறிந்தார். "கசிவு இருக்கிறவரைக்கும் உத்தரவை ரத்து பண்ண முடியாது. உத்தரவு இருக்கிறவரைக்கும் கசிவை நிறுத்த முடியாது. அப்பழுக்கில்லாம எழுதியிருக்கேன், ஒரு ஓட்டை விடலை" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, சொன்னது உறைத்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க உத்தரவும் வேணாம், வகுப்பும் வேணாம். நான் பார்த்துக்கிறேன்" என்று நேரே குழாய்க்காரர் வீட்டுக்குப் போனார்.

"அண்ணே, குழாய் வேலைக்குக் கூப்பிடலை. சொத்து மேம்பாட்டு ஆலோசகரா நீங்க வந்து ஒரு பார்வை பார்க்கணும்."

குழாய்க்காரர் முகம் மலர்ந்தது. "ஆலோசகர்னா வரலாம். அதுல கௌரவக் குறைச்சல் இல்லை." கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டாக்டரம்மா குளியலறையில் இரண்டு கல்லைப் பெயர்த்து, உடைந்திருந்த குழாய்த் துண்டை மாற்றி, காபி ஆறுவதற்குள் ஆலோசனையை முடித்துவிட்டார். யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று வாசலில் காவல் நின்றவர் அதிகாரி.

கூரை காய்ந்தது. நடு மாடியில் அடுப்பு ஏறியது. அந்த அம்மாள் தன் அடுப்படியில் முதல் காபியைப் போட்டு, யாரும் எட்டிப் பார்க்காத நிம்மதியில் நின்றபடியே குடித்தார். நசுங்கிய குக்கர் மூடிகூட அன்றைக்கு ஒழுங்காகப் பொருந்தியது. கடைக்காரர் தன் வீட்டிலேயே படுத்துத் தூங்கினார். வழிகாட்டிக்குத் தெரிந்தால் வெட்கக்கேடுதான், ஆனால் என்ன சுகம்!

உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது. அதிகாரிக்கு மாற்றலாகி, அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. கசிவு இல்லையென்றால் மாட்டுவது கடைக்காரர் மட்டுமா? காவல் நின்றவரும் கூடத்தான். ஆகவே மறுபடி ஆலோசகரை அழைத்தார்கள். அவர் பரணில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குழாயை இழுத்து, கூரையில் முன்பு ஒழுகிய அதே இடத்தில் கொண்டுவந்து விட்டார். திருகினால் ஒழுகும், மூடினால் நிற்கும். ஊரிலேயே சொன்னபடி கேட்கும் கசிவு அது ஒன்றுதான்.

புதிய அதிகாரி வந்தார். பரண் பக்கம் அந்த அம்மாள் மெதுவாகத் திருகினார். சொட்டியது. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் ரசித்தார். 'கசிவு சிறந்த முறையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பழைய அதிகாரியும் கடைக்காரரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

புறப்படும்போது புதியவர் கடைக்காரரைத் தனியே ஒதுக்கிக் கூட்டிப்போய்க் கேட்டார்.

"சார், ஞாயிறு வகுப்புல சேர்ந்திருக்கேன். முதல் முதலீடு. இந்தக் கட்டடத்துல ஏதாவது மாடி விலைக்கு வருமா?"

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது.

"மேல் மாடி வருதுன்னு சொல்லுங்க. டாக்டரம்மா மகள் வீட்டோடவே இருந்துக்கிறாங்களாம். அப்படியே கசிவுக்குத் தண்ணி ஊத்தின அந்த வாளியையும் எடுத்துக் குடுத்துடுங்க. நமக்கு இனிமே வேண்டாம்."